மீட்டரிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை: அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது இடத்தில் மின் லைன் இழுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் மின்சார கார் வாங்கினார். வந்த முதல் இரவே பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிட்டு, ஸ்டில்ட்டில், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில், நின்ற காருக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் வாட்ச்மேன் பிளக்கைப் பிடுங்கப் பார்த்தால் வரவில்லை. உள்ளே பிளாஸ்டிக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அப்போது சங்கச் செயலாளர் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. சென்னைப் புறநகரில் ஸ்டில்ட்டும் நான்கு மாடியுமாக 16 வீடுகள். அதில் இதுவரை ஐந்து வீடுகளுக்கு மீட்டர் போர்டிலிருந்து கார் நிற்கும் இடத்துக்குத் தனி லைன் போட்டாயிற்று. வேலையைச் செய்தது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். கூடவே நின்று கேள்வி கேட்டுக் கழுத்தறுத்தது நான். அந்தக் கேள்விகளும் கிடைத்த பதில்களும்தான் இந்த வழிகாட்டி. கார் சார்ஜருக்காக எழுதியிருந்தாலும் மாடியில் தனி மோட்டார், கீழே ஒரு கடை, மொட்டை மாடியில் சோலார் என்று பொது இடம் வழியாக எந்த லைன் போனாலும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஓடும் லைன் தப்பாக இருந்தால் அவதிப்படுவது நீங்கள். பொது இடத்தில் ஓடும் லைன் தப்பாக இருந்தால் அவதிப்படுவது அந்த வழியாக நடக்கிற எல்லோரும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: நீங்கள் ஊரில் இல்லாத நாளில், உங்களைத் தெரியாத ஒருவர் இந்த லைன் யாருடையது, எங்கே அணைப்பது என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

1. முதலில் சுவர் யாருடையது என்று பாருங்கள்

வயர் அளவைப் பேசுவதற்கு முன் பத்திரத்தை எடுங்கள். படிக்கட்டு, நடைபாதை, குழாயும் வயரும் மேலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்ட், ஸ்டில்ட்டின் கூரை, வெளிச்சுவர், மொட்டை மாடி எல்லாம் எல்லோருக்கும் சேர்ந்தவை. உங்களுக்கு இருப்பது அதில் பிரிக்கப்படாத பங்கு. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தை நிர்வகிப்பது சங்கத்தின் வேலை. கார் நிறுத்துமிடம் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டதா, வெறும் வாய்வழிப் பழக்கமா என்றும் பார்த்துவிடுங்கள். லைன் போட்ட பிறகு இடம் மாறினால் அந்தச் செலவை யாரும் தரப்போவதில்லை.

சங்கத்திடம் வாய்ச்சொல்லாக ‘சரி’ வாங்காதீர்கள், தீர்மானமாக வாங்குங்கள். அதில் லைன் போகும் பாதையின் சிறு வரைபடம், கேபிள் அளவு, துளை போடும் இடங்கள், சுவரைப் பழையபடி பூசிக் கொடுப்பது யார் செலவு, பழுதானால் யார் பொறுப்பு, வீட்டை விற்றால் லைன் யாருக்குப் போகும் என்பதெல்லாம் இருக்கட்டும்.

கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து, “நாளைக்கு எல்லாரும் கேட்டா என்ன செய்வீங்க?” என்பார். அவரை வாயாடி என்று ஒதுக்கிவிடாதீர்கள், கேள்வி சரியானது. எங்கள் முதல் லைனை அவசரத்தில் தனிப் பைப்பில் போட்டோம். இரண்டாவது ஆள் வந்தபோது அதன் பக்கத்தில் இன்னொரு பைப். மூன்றாவது ஆளுக்குச் சுவரில் இடமே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, 16 வீட்டுக்கும் தாங்கும் அளவில் ஒரே கேபிள் ட்ரே மாட்டினோம். முதல் நாளே சங்கச் செலவில் ட்ரேயைப் போட்டுவிட்டு, கேபிளை மட்டும் அவரவர் இழுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது.

2. எந்த மீட்டரிலிருந்து எடுப்பது?

உங்கள் சொந்த மீட்டரிலிருந்துதான். பொது மீட்டரிலிருந்து எடுத்து நடுவில் சப்-மீட்டர் வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கு 2022 செப்டம்பரிலிருந்து தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. வீட்டு இணைப்பின் சலுகைகள் அதற்குக் கிடையாது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், மாதாமாதம் யூனிட் கணக்குக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கும் செயலாளர் அடுத்த ஆண்டு பதவிக்கு நிற்க மாட்டார். அதேபோல உங்கள் மீட்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்கோ வாடகைக் கடைக்கோ லைன் கொடுப்பதும் கூடாது. அனுமதி பெற்ற இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்கீழ் முறையற்ற பயன்பாடு. சொந்தக் காருக்கு வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பதை மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெரும்பாலான குடியிருப்புகளில் மீட்டர் போர்டு கீழே ஸ்டில்ட்டில்தான் இருக்கும். இது நல்லது. நான்காம் மாடி வீட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து (டி.பி.) வயரை இறக்க வேண்டியதில்லை. மீட்டருக்குப் பிறகு உங்கள் மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே லைனை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வழக்கம்போல வீட்டுக்கும் இன்னொன்றை ஒரு சிறு பெட்டி வழியாகக் காருக்கும் கொண்டுபோகலாம். மீட்டருக்கு முன்னால் உள்ள ஈபி வயர், ஃப்யூஸ், சீல் எதையும் யாரும் தொடக் கூடாது.

இனி நியூட்ரல். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பழைய குடியிருப்புகளில் நான் பார்த்த தப்புகளில் பாதி இங்கேதான்.

எங்கள் இரண்டாம் மாடி வீட்டில், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. புதிதாக மாட்டினார்கள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அது விழும். வேறு நேரத்தில் விழாது. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வந்து கீசரைக் குறை சொன்னார்கள், ஏசியைக் குறை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் ஆறரை என்பது வாட்ச்மேன் படிக்கட்டு விளக்கைப் போடும் நேரம். கட்டடம் கட்டியபோது யாரோ ஒரு புண்ணியவான் அந்த விளக்குக்கு ஃபேஸை இரண்டாம் மாடி வீட்டிலிருந்தும், நியூட்ரலை எதிர் வீட்டிலிருந்தும் எடுத்திருக்கிறார். ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலைதான்: ஃபேஸில் போகும் கரண்ட் அதே அளவு நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பே சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். அது திரும்பி வேறு வீட்டு நியூட்ரலில் போய்விட்டால், 30 மில்லி ஆம்பியரில் விழ வேண்டிய ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

விழுந்ததோடு போனால் தொந்தரவு மட்டும்தான். உண்மையான ஆபத்து வேறு. எதிர் வீட்டு மெயினை அணைத்துவிட்டு ஒருவர் அந்த நியூட்ரலைக் கழற்றுகிறார் என்று வையுங்கள். படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தால், கழன்ற நியூட்ரல் முனையில் பல்பு வழியாக 230 வோல்ட் வந்து நிற்கும். எல்லாம் அணைத்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில்தான் அவர் தொடுவார்.

அதனால் புது லைனின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உங்கள் மெயினிலிருந்தே வர வேண்டும், இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் ஐசோலேட்டர் இருக்க வேண்டும். மீட்டர் போர்டில் பொதுவான நியூட்ரல் லிங்க் ஒன்று பளபளவென்று நிற்கும், ‘இதுல போட்டா என்ன சார்’ என்று கேட்கத் தோன்றும். போடவிடாதீர்கள்.

3. பளுவைக் கூட்டிப் பாருங்கள்

மின் கட்டண அட்டையிலோ பில்லிலோ உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணிக்கு வீட்டில் என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள். ஒன்றரை டன் ஏசி இரண்டு, ஃபிரிட்ஜ், ஃபேன். அதோடு காருடன் வரும் சாதாரண சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட். சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் என்றால் 7 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 32 ஆம்பியர். ஒற்றை ஃபேஸ் இணைப்பில் இருப்பவர்கள் பெரிய சார்ஜருக்கு ஆசைப்பட்டால், முதலில் மூன்று ஃபேஸாக மாற்றி மின்பளுவைக் கூட்டிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2024-இல் டான்ஜெட்கோ பிரிக்கப்பட்டபின் விநியோகத்தைப் பார்ப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். இந்த வேலை முடிந்த பிறகே கேபிள் வாங்குங்கள்.

கீசரும் இதே கரண்டைத்தானே இழுக்கிறது, அதற்கு இவ்வளவு பார்க்கவில்லையே என்று நினைக்கலாம். கீசர் பத்து, பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே கொஞ்சம் தளர்வாக இருக்கும் ஒரு திருகு பதினைந்து நிமிடத்தில் லேசாகச் சுடும், எட்டு மணி நேரத்தில் உருகும். எங்கள் எக்ஸ்டென்ஷன் வயருக்கு நடந்தது அதுதான். ஆகவே ஸ்டில்ட்டில் சாதாரண வீட்டு சாக்கெட்டைத் தவிர்த்து, நீல நிறத்தில் மூடியோடு வரும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டையோ, நேரடியாக இணைக்கும் சார்ஜரையோ வையுங்கள்.

உங்கள் பளு மட்டுமல்ல, கட்டடத்தின் பளுவும் ஒன்று இருக்கிறது. தெருவிலிருந்து கட்டடத்துக்குள் வரும் ஈபி கேபிள் ஏதோ ஒரு கணக்கில் போட்டது. அந்தக் கணக்கில் கார் இல்லை. நாலைந்து கார் சேர்ந்ததும் ஒப்பந்ததாரரை இரவில் வரச்சொல்லி டாங் டெஸ்டரால் மூன்று ஃபேஸிலும் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கச் சொன்னோம். எல்லாக் காரும் ஒரே ஃபேஸில் குவிந்திருந்தன.

4. வயர் தடிமன்: இரண்டு கணக்கு

‘நாலு ஸ்கொயர் போட்டா தாங்கும் சார்’ என்பது கணக்கு அல்ல, பழக்கம். பார்க்க வேண்டியவை இரண்டு: வயர் சூடாகாமல் தாங்குமா, போய்ச் சேரும்போது வோல்ட்டேஜ் மிச்சம் இருக்குமா.

சூட்டுக் கணக்கு. ஐ.இ.சி. என்ற சர்வதேச மின் தர அமைப்பின் அட்டவணைப்படி சுவரில் பைப்புக்குள் ஓடும் பி.வி.சி. காப்பர் வயர் 4 ஸ்கொயர் எம்.எம். (சதுர மில்லிமீட்டர்) என்றால் 32 ஆம்பியர், 6 என்றால் 41, 10 என்றால் 57. பிரச்சினை என்னவென்றால் இது 30 டிகிரி சூட்டில், தனியாகப் போகும் லைனுக்கு. நம் ஊர் ஸ்டில்ட் மே மாதத்தில் 40 டிகிரி. அதற்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு லைன் ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றை ஒன்று சூடாக்கும், அதற்கு 0.7. இப்போது 6 ஸ்கொயரின் 41 ஆம்பியர் 25 ஆகிவிட்டது. 32 ஆம்பியர் சார்ஜருக்கு அது போதாது. 10 ஸ்கொயர் போட்டால் 34 வரை தாங்கும். 4 ஸ்கொயர் 19-க்கு வந்து நிற்கும், 16 ஆம்பியர் லைனுக்கு மட்டும் சரி.

வோல்ட்டேஜ் கணக்கு. போக வர இரண்டையும் சேர்த்து, ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 4 ஸ்கொயரில் 11 மில்லிவோல்ட் இழப்பு, 6-இல் 7.3, 10-இல் 4.4. மீட்டரிலிருந்து கார் 60 மீட்டர் தள்ளி நிற்கிறது, 32 ஆம்பியர் என்று வையுங்கள். 6 ஸ்கொயரில் 7.3 × 32 × 60, அதாவது 14 வோல்ட் காணாமல் போகும், 6 சதவீதம். 10 ஸ்கொயரில் எட்டரை வோல்ட், 4 சதவீதத்துக்குள். இது போன்ற லைனுக்கு 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். தூரத்தை அளக்கும்போது நேர்கோட்டில் அளக்காதீர்கள். சுவரேறி, பீமைச் சுற்றி, தூணில் இறங்கும் நீளம் எப்போதும் ஒன்றரை மடங்காவது வரும்.

இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்ட் கேபிளுக்கு எண்கள் வேறு. உங்கள் ஒப்பந்ததாரர் கேபிள் நிறுவனத்தின் அட்டவணையைக் காட்டிப் பேசினால் நல்ல ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

5. பாதை

இங்கேதான் அழகு பார்க்கும் ஆசையும் பாதுகாப்பும் மோதும். பொதுவாக, குட்டையான பாதையைவிடக் கண்ணுக்குத் தெரியும் பாதை நல்லது.

எதன் வழியாகப் போகக் கூடாது என்பதை முதலில் முடித்துவிடலாம். லிஃப்ட் குழிக்குள் லிஃப்டுக்குச் சம்பந்தமில்லாத வயர் எதுவும் போகக் கூடாது. சமையல் எரிவாயுக் குழாய் ஓடும் சுவரில் வேண்டாம். தூணையும் பீமையும் வெட்டி வயரைப் புதைக்கவே கூடாது. கான்கிரீட்டில் வட்டத் துளை (கோர் கட்டிங்) போட வேண்டிய இடத்தில் கம்பி போகிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். இண்டர்நெட், கேமரா வயர்கள் ஓடும் பைப்புக்குள் மின் வயரைச் செருகாதீர்கள்.

ஷாஃப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஓடும் குழி என்பது தீப்பிடித்தால் புகைபோக்கி. கீழே மீட்டர் போர்டில் கிளம்பும் புகை ஒரு நிமிடத்தில் நான்காம் மாடி நடைபாதைக்கு வந்துவிடும். அதனால்தான் தேசியக் கட்டட விதிகள் மின் கேபிளுக்குத் தனி ஷாஃப்ட் இருக்க வேண்டும், அதில் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், டெலிபோன் வயர் எதுவும் போகக் கூடாது, ஒவ்வொரு தளத்திலும் தளத்தின் தீத்தாங்கும் திறனுக்கு ஈடாக ஓட்டையை அடைக்க வேண்டும் என்கின்றன. நம் குடியிருப்புகளில் நிலைமை உங்களுக்கே தெரியும். ஷாஃப்ட் கதவைத் திறந்தால் துடைப்பம், பழைய டைல்ஸ், யாரோ வீட்டு வெள்ளை பெயின்ட் டப்பா. லைன் இழுக்கும் முன் அதைக் காலி செய்யுங்கள்.

துளை போட்டவர் கடைசியில் ஃபோம் ஸ்ப்ரே அடித்து மூடிவிட்டுப் போவார். பார்க்க நன்றாக இருக்கும். ஜன்னல் இடுக்கை அடைக்கும் அந்த ஃபோம் தீயில் தானே எரியும். சூட்டில் உப்பி ஓட்டையை அடைக்கும் தீத்தடுப்பு சீலன்ட் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். பெரிய திறப்பு என்றால் தீத்தடுப்புப் பலகையும் சீலன்ட்டும் சேர்த்து.

படிக்கட்டு வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் அது தப்பித்து ஓடும் பாதை என்பதை நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் கேசிங் வேண்டாம். இரும்புப் பைப்போ ஆர்மர்ட் கேபிளோ போடுங்கள். வயர் எச்.எஃப்.எஃப்.ஆர்., அதாவது ஹாலோஜன் இல்லாத வகையாக இருந்தால் எரியும்போது நச்சுப் புகை குறைவு. கடைகளில் எஃப்.ஆர். என்று தருவது தீ பரவாமல் தடுக்கும், புகையைக் குறைக்காது. இரண்டும் வேறு வேறு. பைப்பைப் பிடிக்கும் சேடில் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கிளிப் சூட்டில் உருகினால் கேபிள் மொத்தமாகத் தொங்கி, புகையில் தடவிக்கொண்டு வருபவரின் கழுத்தில் மாட்டும்.

ஸ்டில்ட்டில் உயரம்தான் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை ஸ்டில்ட்டுகளில் மீட்டர் போர்டுவரை தண்ணீர் நின்றது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். உங்கள் கட்டடத்தில் தண்ணீர் நின்ற கறையைக் கண்டுபிடித்து, சாக்கெட்டும் பெட்டியும் அதற்கு நன்றாக மேலே வருமாறு வையுங்கள். தரையோடு ஓட்டுவது வேண்டாம், கூரையோடு ஓட்டித் தூணில் இறக்குங்கள். தூணில் இறங்கும் பகுதிக்கு ஒன்றரை மீட்டர் உயரம்வரை கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கவசம் வேண்டும், ரிவர்ஸ் எடுப்பவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் இல்லை.

மொட்டை மாடியில் ஓடும் பி.வி.சி. பைப் இரண்டு மூன்று கோடையில் வெளுத்து, கை பட்டால் பொடிந்துவிடும். அங்கேயும் ஜி.ஐ.தான்.

6. எம்.சி.பி. மட்டும் போதாது

எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச். அது லைன் தொடங்கும் இடத்தில், அதாவது மீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சார்ஜருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால் நடுவில் ஓடும் அறுபது மீட்டருக்குப் பாதுகாப்பே கிடையாது.

அப்புறம் எர்த். நம் குடியிருப்புகளில் எர்த் என்பது பெரும்பாலும் வளாகத்தில் தோண்டிய எர்த் பிட்தான். நல்ல பிட் என்றே வைத்துக்கொள்வோம், மொத்தத் தடை 5 ஓம். சார்ஜரின் உள்ளே ஃபேஸ் உலோக உடலைத் தொட்டுவிட்டது. எர்த் வழியே ஓடும் கரண்ட் 230-ஐ ஐந்தால் வகுத்தால் 46 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டிய அளவு அதன் 1.45 மடங்கு, அதாவது 46.4. நம் 46 அதற்கும் ஒரு நூலிழை கீழே. எம்.சி.பி. விழாமலே நிற்கலாம். அவ்வளவு நேரமும் காரின் உடலில் கரண்ட். கோடையில் பிட் காய்ந்து தடை கூடினால் இன்னும் மோசம்.

இதைப் பிடிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. கார் சார்ஜருக்கு வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது ‘ஏ.சி.’ என்று குறித்த வகை, மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் பார்ப்பது. காரின் மின்னணுச் சுற்றிலிருந்து டி.சி. (நேர்மின்னோட்டம்) கசிந்தால் அது மரத்துப்போய் வேலை செய்யாமல் போகலாம். சார்ஜரிலேயே 6 மில்லி ஆம்பியர் டி.சி. கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லையென்றால் பி வகை. பி வகை விலை கூட.

எர்த் வயர் லைனோடு சேர்ந்தே, மீட்டர் போர்டின் எர்த் பாரிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயில் கிளிப் போட்டு எர்த் என்று சொல்பவரை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள். குழாய் பாதியில் பி.வி.சி.யாக மாறியிருக்கும், மேல் வீட்டில் குளிப்பவருக்கு ஷாக் அடிக்கும். ஆர்மர்ட் கேபிள் போட்டால் அதன் இரும்புக் கவசமும் கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் சரியான கிளாண்ட் வழியாக எர்த்தோடு சேர வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் எங்கேயும் சேர்த்துக் கட்டக் கூடாது.

7. வேலை நாள்

மூன்று நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். எந்த நேரம் கரண்ட் இருக்காது, லிஃப்ட் நிற்குமா, தண்ணீர் முன்பே ஏற்றிக்கொள்ள வேண்டுமா. யார் வீட்டிலாவது ஆக்சிஜன் கருவி ஓடுகிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். முதல் மாடி அம்மா ஒருவர் குழுச் செய்தியே பார்ப்பதில்லை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலை கார் முனையிலிருந்து தொடங்கி மீட்டரை நோக்கி வரட்டும். மெயினில் இணைப்பது கடைசி வேலை. இணைக்கும்போது மெயினை அணைத்து, பூட்டி, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை தொங்கவிட்டு, சாவி இணைப்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ பின்பக்கமாகக் கரண்ட் தள்ளும் குடியிருப்பானால் அதையும் அணைத்துவிட்டு டெஸ்டரால் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

நடுவழியில் ஜாயின்ட் வேண்டாம். 50 மீட்டர் தேவை, சுருளில் 45 மீட்டர்தான் மிச்சம் என்றால் புதுச் சுருள் வாங்குங்கள். கூரையில் டேப் சுற்றிய ஜாயின்ட்தான் பத்து வருடம் கழித்து எரியும்.

கட்டடம் 15 மீட்டருக்கு மேல் உயரமானால் மின் ஆய்வாளர் அனுமதி சம்பந்தப்பட்ட விதிகளும் சேரும். ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. கரண்ட் கொடுக்கும் முன்

ஒப்பந்ததாரர் முன் நின்று இவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கர் என்ற 500 வோல்ட் சோதனைக் கருவியால் வயருக்கு வயர், வயருக்கு எர்த் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். புது லைனில் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு மெகா ஓமில் நின்றால் எங்கோ வயர் உரிந்திருக்கிறது. எர்த் வயர் கடைசிவரை தொடர்ச்சியாக இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறவில்லையா என்று பார்த்து, ஆர்.சி.சி.பி.யை டெஸ்ட் பொத்தானால் மட்டுமல்லாமல் சோதனைக் கருவியாலும் விழவைக்க வேண்டும்.

பிறகு நான் சேர்த்துக்கொண்ட ஒன்று. உங்கள் மெயினை அணையுங்கள். புது லைனில் கரண்ட் நிற்க வேண்டும், உங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும், எந்தப் பொது விளக்கும் அணையக் கூடாது. அடுத்து உங்கள் மெயினைப் போட்டுவிட்டு மற்ற மெயின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சார்ஜர் நிற்கக் கூடாது. அரை மணி நேர வேலை. எங்கள் நாலாவது லைனில் இப்படித்தான் நியூட்ரல் பக்கத்து வீட்டு லிங்க்கில் போயிருந்தது தெரிந்தது. இவ்வளவு பேசியும்.

முதல் சார்ஜின்போது ஒரு மணி நேரம் கழித்து சாக்கெட், எம்.சி.பி., பெட்டி மூன்றின் மூடியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டுத் திருகுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. பெயர் எழுதுங்கள்

எல்லோரும் விட்டுவிடும் கட்டம் இது, செலவும் சொற்பம். மீட்டர் போர்டில், ஒவ்வொரு பெட்டியிலும், கேபிள் சுவரைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும், கார் முனையிலும் ஒரு தகடு: வீட்டு எண், ‘கார் சார்ஜர்’, அணைக்கும் சுவிட்ச் எங்கே. தமிழிலும் எழுதுங்கள். எங்கள் வாட்ச்மேனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், எம்.சி.பி.யில் மார்க்கரால் எழுதியிருந்த ஆங்கிலக் கிறுக்கல் எனக்கே புரியவில்லை. காகித ஸ்டிக்கர் ஒரு மழையில் போய்விடும். பொறித்த அலுமினியத் தகடு நிற்கும். பாதையின் வரைபடத்தை மீட்டர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி, சுவர் பூசும் முன் எடுத்த போட்டோக்களை சங்கக் கோப்பில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது டிரில் போடுவார்.

வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டுபோய், ‘இதில் புகை வந்தால் எதை அணைப்பாய்?’ என்று கேளுங்கள். அவர் யோசித்தால் தகடு சரியில்லை.

10. அதன்பின்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பொத்தான். ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், பெட்டிகளைத் திறந்து திருகுகளை முறுக்கி, எலி கடித்திருக்கிறதா, தண்ணீர் இறங்கிய கறை இருக்கிறதா, எர்த் பிட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடு கைமாறினால் தகட்டையும் வரைபடத்தையும் புதியவருக்குக் காட்டிவிடுங்கள்.

போன மழையில் ஒரு ராத்திரி, தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டி ஸ்டில்ட்டுக்குள் வரத் தொடங்கியது. மூன்றாம் மாடிக்காரரின் கார் சார்ஜில் இருந்தது, அவர் பெங்களூருவில் இருந்தார். வாட்ச்மேன் மீட்டர் அறைக்குப் போய்த் தகட்டைப் பார்த்து அந்த ஒரு ஐசோலேட்டரை மட்டும் அணைத்துவிட்டார். லிஃப்ட்டும் மற்ற வீடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. கார்க்காரருக்குப் போன் போனதே அதற்குப் பிறகுதான்.